என் கணவரைக் குதிரையில் ஏற்றினார்கள்

என் கணவருக்கு நீச்சல் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொன்னதற்காகத்தான் கிள்ளானில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பது அவர்களுக்கும் நல்லதுதான். பேசினால் நானும் பேசுவேன்.

அவர் கிரில் அடிப்பவர். வீட்டு வாசலுக்கும் சன்னலுக்கும் இரும்புக் கம்பிக் கதவு செய்து மாட்டிக் கொடுப்பது தொழில். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். பெரும்பாலான வீடுகளுக்கு மாடி கிடையாது. திருடனுக்குப் பயந்து ஆளாளுக்கு வீட்டைக் கூண்டாக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கூண்டுகளில் பாதி என் கணவர் கையால் செய்தவை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தமிழும் வரலாறும் எடுக்கிறேன். ராஜா, குதிரை, வாள், போர்க்களம் எல்லாம் என் வகுப்பில் வரும், மணி அடித்ததும் போய்விடும். அவை என் வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று நான் நினைத்ததில்லை.

வெள்ளம் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். முந்தின நாளிலிருந்து விடாத மழை. தாமானின் கோடியில், தேங்கும் நீரை ஆற்றுக்குத் தள்ளுவதற்கென்று ஒரு பம்ப் இருக்கிறது. அது ஓடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. தேர்தல் சமயத்தில் வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கும் அது ஊமையாகக் கிடந்தது. சாக்கடைத் தண்ணீர் முதலில் குளியலறை வழியாக வந்தது, பிறகு வாசல் வழியாக. மூலை வீட்டுக்காரர் மட்டும் மாடி எடுத்துக் கட்டியிருந்தார். நாங்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் அங்கே போய் ஏறிக்கொண்டோம். எல்லோரும் படகு கேட்டுப் போன் அடித்தார்கள். வந்துகொண்டே இருக்கிறது என்று பதில் வந்தது, படகு வரவில்லை.

எதிர் வரிசையில் ஒரு வயதான சீனத் தம்பதி இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கள் இருவரும் வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். கிரில் பூட்டியிருந்தது, சாவி கையை விட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தம்மாவுக்கு நெஞ்சு வரை தண்ணீர்.

“அது நான் போட்ட கிரில்லு,” என்றார் என் கணவர்.

“அதுக்கு இப்ப என்னங்க?”

“நான் போட்ட கிரில்லுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். வீட்டை விட்டு ஓடும்போது துணிமணியை விட்டுவிட்டுத் தொழில் பையைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர் அவர். அதிலிருந்து பூட்டு வெட்டும் கட்டரை எடுத்துத் தோளில் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு வீட்டு வேலியாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெரு நடுவில் மாட்டிக்கொண்டு நின்ற லோரியைப் பிடித்துக்கொண்டார். லோரிக்கும் எதிர் வீட்டு கேட்டுக்கும் இடையில் பிடிக்க ஒன்றும் இல்லை. அங்கே கையை விட்டார். உடனே முங்கினார். மேலே வந்தார், கையைக் காலை அடித்தார், மறுபடியும் முங்கினார். கடைசியில் அந்த கேட்டின் கம்பி எப்படியோ கையில் அகப்பட்டது. மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அலறினேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

பூட்டை வெட்டி இருவரையும் கார் நிறுத்தும் கூரை மேல் ஏற்றினார். அந்தக் கூரையும் அவர் போட்டதுதான். அந்த வரிசையிலேயே கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய் இன்னும் சில வீடுகளின் பூட்டை வெட்டினார். படகு ஒருவழியாக வந்தபோது அவரும் கூரை மேல் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

மாடியில் நின்ற யாரோ அதைப் போனில் பிடித்துவிட்டார்கள். அந்த லோரியிலிருந்து கேட்டு வரைக்கும் உள்ள காட்சி மட்டும். முரசுச் சத்தம் சேர்த்து, ‘எதிர்நீச்சல் போட்டு மக்களை மீட்ட மாவீரன்’ என்று எழுத்து ஓடவிட்டு, ஊர் ஊராக அனுப்பினார்கள். நாடே பார்த்துக் கை தட்டியது. அது நீச்சல் அல்ல. என் கணவர் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்த காட்சி அது. ஒரு மனிதன் சாகக் கிடப்பதைப் பார்த்து ஆஹா என்று சொன்னார்கள், போனில் இதயப் படமும் நெருப்புப் படமும் பறக்கவிட்டார்கள்.

தண்ணீர் வடிந்தபின் அவரால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. குவளையைத் தூக்கினால் கை நின்றுவிடும். ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். வீரனின் வீட்டில் குளியலறை நிலவரம் அது.

பிறகு சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். எந்தச் சங்கம் என்று சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை தங்களை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொள்ளும். கிள்ளானில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே பேனர். அதில் ஒரு வெள்ளைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. அதன் மேல் மார்புக் கவசம் போட்ட ராஜா. ராஜாவின் கழுத்துக்கு மேல் என் கணவரின் முகம். அவர் தங்கை கல்யாணத்தில் எடுத்த படம் அது. கன்னத்தில் சந்தனம் ஒட்டியிருக்கிறது, வாயில் எதையோ மென்றுகொண்டிருக்கிறார். தெருநாய் குரைத்தால் எனக்குப் பின்னால் வந்து நிற்கிறவரைக் குதிரையில் ஏற்றிவிட்டார்கள்.

மேடையில் பொன்னாடை போட்டார்கள். பெரிய மாலை போட்டார்கள். பிறகு தகரத்தில் தங்க முலாம் பூசிய வீரவாள் ஒன்றைக் கையில் கொடுத்து, அதைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். வெளிநாட்டுக் கதைகளில் ராஜா வாளால் தோளைத் தொட்டுக் குதிரைவீரன் பட்டம் கொடுப்பார். நம் ஊரில் வாளையே கையில் கொடுத்துவிடுகிறோம், போய்ச் சாவு என்று. அந்தக் கதைகளில் வரும் இரும்புச் சட்டைக்காரர்களைப் பற்றி நான் அன்று மேடைக்குக் கீழே உட்கார்ந்து யோசித்தேன். அந்தச் சட்டையோடு ஆற்றில் விழுந்தவன் என்ன ஆனான் என்று எந்தக் கதையும் சொல்வதில்லை.

தலைவர் பேசினார். “கடல் கடந்து வந்து கடாரத்தை வென்ற பரம்பரையடா நாம! தண்ணி நமக்குப் புதுசா?” மண்டபம் அதிர்ந்தது. நான் வரலாறு எடுக்கிறவள். வென்ற பரம்பரை வேறு, நாங்கள் வேறு. எங்கள் ஆட்கள் கடல் கடந்து வந்தது கப்பலின் அடித்தட்டில், ரப்பர் மரம் சீவுவதற்கு. இதுவும் வரலாறுதான். இதற்கு யாரும் முரசு அடிப்பதில்லை.

பேச்சின் முடிவில் தலைவர் ஒன்றை அறிவித்தார். அடுத்த வெள்ளத்துக்குச் சங்கமே ஒரு மீட்புப் படை அமைக்கப்போகிறதாம், அதற்கு என் கணவர்தான் தளபதியாம். மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்கள். அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

எங்கள் வேனில் ஏறியதும் கேட்டேன். “எனக்கு நீச்சல் வராதுன்னு ஏன் சொல்லல?”

“எல்லாரும் எழுந்து நின்னு கை தட்றாங்க. அங்க போயி அத எப்படி சொல்றதுலா?”

“வாயால சொல்றது.”

“அந்த எதிர்வீட்டு அங்கிள் முன்வரிசையில உக்காந்து கை தட்டுனாரு. அவரு மூஞ்சியப் பாத்தேன். சொல்ல வரல.”

வாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு மேல் ஏறியது. புலி வாலைப் பிடித்த கதைதான் அதற்குப் பிறகு. வீட்டில் பாம்பு புகுந்தால் அண்ணனைக் கூப்பிடு. மரம் சாய்ந்தால் அண்ணனைக் கூப்பிடு. செமினி பக்கம் ஆற்றில் ஒருவர் விழுந்துவிட்டார் என்று ஒரு முறை காரோடு வந்து கூட்டிப் போனார்கள். நல்லவேளை, இவர்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த ஆளைக் கரையேற்றிவிட்டார்கள். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எறங்கச் சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்,” என்றார். எனக்கு அப்போதுதான் விஷயம் முழுதாக உறைத்தது. இந்த மனிதர் பயந்து மறுக்கப்போவதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு போய்ச் சாகப்போகிறார்.

அந்த மாதம் வகுப்பில் நடுகல் பாடம். பகைவர் கவர்ந்துபோன மாடுகளை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஊரார் கல் நட்டுக் கும்பிட்ட பழைய வழக்கம். வருஷா வருஷம் நான் குரலை உயர்த்தி நடத்தும் பாடம் அது. அந்த முறை என்னால் முடியவில்லை. கல்லில் அவன் உருவம் இருக்கும், தூக்கிய வாள் இருக்கும். மாட்டுக்குக் காவல் நிற்க வேண்டியவன் அன்று எங்கே தொலைந்தான் என்று எந்தக் கல்லிலும் இருக்காது. எங்கள் பம்ப் ஏன் ஓடவில்லை என்று அந்த மேடையில் ஒருவராவது கேட்டார்களா? படகு ஏன் வரவில்லை என்று கேட்டார்களா? ஒரு வீரன் கிடைத்துவிட்டால் மற்ற எல்லாருக்கும் விடுதலை. பாடத்தைப் பாதியில் நிறுத்தி, பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டேன்.

பள்ளி ஆண்டுவிழா நாடகம் வேறு வந்துவிட்டது. ஒரே மகனுக்குத் திலகமிட்டுப் போருக்கு அனுப்பும் தாய். இதை விட்டால் நமக்கு நாடகமே கிடையாது. அதற்கு வாளும் கிரீடமும் வாடகைக்கு எடுக்க பிரிக்பீல்ட்ஸ் போனேன். மாலைக் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் பள்ளிக்கு வழக்கமான கடை. ஆடை, அணி, கிரீடம், கூடவே பேனர் அச்சடிப்பதும்.

“வாளு ஸ்கூல் டிராமாவுக்கா டீச்சர், மீட்டிங்குக்கா?” என்றார் கடைக்காரர்.

“ரெண்டுக்கும் வேற வேறயா வச்சிருக்கீங்களா?”

“ஒரே வாளுதான். மீட்டிங்குக்குன்னா பெட்டியில வெச்சுக் குடுப்போம்.”

அவருக்குப் பின்னால் கணினித் திரையில் அந்த வெள்ளைக் குதிரை நின்றது. அதே தூக்கிய கால்கள், அதே கவசம். கழுத்துக்கு மேல் மட்டும் ஒன்றுமில்லை, வெறும் ஓட்டை.

“மூஞ்சி மட்டும் மாத்துவோம் டீச்சர். குதிர அதே குதிரதான்,” என்று சிரித்தார். “இந்த வாரம்கூட உங்க கிள்ளான் ஆர்டர் ஒண்ணு இருக்கு, பாக்குறீங்களா?”

ஒரு சொடுக்கில் என் கணவரின் முகம் வந்து ஓட்டையில் உட்கார்ந்தது. கீழே எழுதியிருந்தது: ‘மீட்புப் படை தொடக்க விழா. ஆழக் குளத்தில் குதித்துத் தளபதி நேரில் காட்டும் சாகசம்.’ ஞாயிற்றுக்கிழமை, பந்திங் போகும் வழியில், மணல் தோண்டி விட்ட ஒரு குளம். வீட்டில் என்னிடம் அவர் மூச்சு விடவில்லை. வாளையும் வாங்காமல் கிரீடத்தையும் வாங்காமல் ரயில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அக்கம்பக்கம் கேட்கட்டும் என்றே கத்தினேன்.

“லைஃப் ஜாக்கெட் இருக்கு,” என்றார்.

“போட விடுவாங்களா?”

அவர் டிவிக்கு மேல் இருந்த வாளைப் பார்த்தார்.

“சொல்லுங்க. போட விடுவாங்களா?”

“வீடியோவுல எடுப்பா இருக்காதாம். மொதல்ல ஒரு தடவ சும்மா குதிச்சுட்டு, அப்புறம் போட்டுக்கலாம்னு சொன்னாங்க. கரைக்கிட்டதான். ஒண்ணும் ஆகாது.”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித் தருகிறோம். நான் தலைவருக்கே போன் அடித்தேன்.

“அவருக்கு நீச்சல் தெரியாதுங்க.”

“அடக்கம் சிஸ்டர், அடக்கம்! உண்மையான வீரன் அப்படித்தான் சொல்வான்.”

“அடக்கம் இல்ல. நெசமாவே தெரியாது.”

“நாங்க வீடியோ பாத்தோம் சிஸ்டர். நீங்க தமிழ் டீச்சர். திலகம் வெச்சு அனுப்பற பரம்பர. நீங்களே இப்படிப் பயந்தா எப்படி?”

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இந்த ஆளுக்கு ஊரார் வீட்டு உயிர். போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வேனில் ஏறி உட்கார்ந்தேன். வராதே என்று அவர் சொல்லவில்லை. குளக்கரையில் கூடாரம், உறுமி மேளம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், பின்னால் அந்தக் குதிரை. இவரை ஒரு சிறிய படகில் ஏற்றி நடுக்குளம் நோக்கிக் கொஞ்ச தூரம் கொண்டுபோனார்கள். கையில் வாள். வாளைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குதிக்க வேண்டுமாம். அவர் படகின் விளிம்பில் ஏறி நின்றார். கரையிலிருந்தே எனக்கு அவர் கால்கள் தெரிந்தன. விரல்களை மடக்கிப் பலகையைக் கவ்விக்கொண்டிருந்தார், அன்றைக்குக் கம்பியைப் பிடித்ததுபோல. அறிவிப்பாளர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.

நான் மைக்கைப் பிடுங்கினேன்.

“அவருக்கு நீச்சல் தெரியாது! அந்த வீடியோவுல நீங்க பாத்தது நீச்சல் இல்ல, மனுசன் முங்கிச் சாகறது. அதப் பாத்து கை தட்டுனீங்க. இப்ப மறுபடியும் முங்கச் சொல்றீங்க.”

மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்தால் என்ன? வகுப்பறை நிறையப் பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்கி ஒடுக்கும் தொண்டை இது.

“படையில இருக்கிறவங்கள்ல நீச்சல் தெரிஞ்சவங்க யாரு? வந்து எறங்குங்க! தலைவரே, நீங்க எறங்குங்க! கடல் கடந்த பரம்பரைதானே!”

யாரும் அசையவில்லை. சங்கத்தின் பெயர் போட்ட புதுச் சட்டை மாட்டிக்கொண்டு நின்ற படையில் ஒருவர்கூட அசையவில்லை. உறுமிக்காரர் மட்டும் கோலைக் கீழே வைத்தார். படகில் என் கணவர் மெல்லக் கீழே உட்கார்ந்தார். படகைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் இறங்கி, வாளை மேசை மேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வேனுக்குப் போனார்.

கட்டிய புருஷனின் மானத்தைக் கப்பலேற்றியவள் என்று பெயர் வந்தது. பள்ளியில் சக ஆசிரியைகளே அப்படித்தான் பேசினார்கள். நீயெல்லாம் தமிழ் டீச்சரா என்று முகம் தெரியாதவர்கள் செய்தி அனுப்பினார்கள். காணொளியே பொய்யாம், அந்த முதியவர்களை அவர் காப்பாற்றவே இல்லையாம், அதையும் எழுதினார்கள். கொம்பு சீவி விட்டவர்களே அவரைக் கோழை என்றார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. நீச்சல் தெரியாத மனிதர் அந்தத் தண்ணீரில் இறங்கினாரே, அது போதாதா உங்களுக்கு? அது எப்படிக் குறைந்த வீரமானது? குதிரை இல்லை என்பதாலா?

அவர் என்னோடு பேசவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஒரு மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“மூணு சொல்லியிருந்தா குதிச்சிருப்பேன்,” என்றார்.

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் குதிச்சிருப்பேன்.”

“அதான் கத்துனேன்.”

அதற்குப் பிறகு அவர் செய்யும் கிரில்களில் உள்பக்கம் ஒரு தாழ் வைக்கிறார். சாவி இல்லாமலே உள்ளிருந்து திறக்கலாம், வெளியிலிருந்து கை எட்டாது. எதிர்வீட்டில்தான் முதலில் மாட்டினார். தாமானில் பல வீடுகளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். சங்கத்திலிருந்து யாரும் இதைப் பார்க்க வரவில்லை. பம்ப் இன்னும் ஓடவில்லை.

நேற்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றபோது அந்தக் குதிரையை மறுபடியும் பார்த்தேன். தூக்கிய கால்கள், கவசம், எல்லாம் அப்படியே. கழுத்துக்கு மேல் வேறொரு முகம், மீசை சரியாகக்கூட வளராத முகம். சாலாக் செலாத்தானில், திடீர் வெள்ளத்தில் மாட்டிய ஒரு காரின் கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்த பெண்ணை இழுத்துப் போட்ட இளைஞனாம். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார்காரன். மீட்புப் படையின் புதிய தளபதி. குளக்கரை விழா மறுபடியும்.

அந்தப் பையன் வீட்டுப் போன் எண்ணைத் தேடிப் பிடித்தேன். அன்று மாலை அவன் மனைவிதான் எடுத்தாள். பின்னால் கைக்குழந்தை அழுதது. நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. ஒன்றைத்தான் கேட்டேன்.

“உங்க வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியுமாம்மா?”

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மிகச் சின்னக் குரலில் சொன்னாள். “இத கேட்ட மொத ஆளு நீங்கதான்க்கா.”

விழா என்றைக்கு என்று கேட்டேன். வரும் ஞாயிறு என்றாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் கணவர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வேன் சாவி கையில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே.

“நீ கத்தாத,” என்றார். “இந்தத் தடவ நான் சொல்றேன். எனக்கு நீச்சல் வராதுன்னு நானே சொல்றேன்.”